சீருடையில் படித்த பட்டம்: 11 வருடங்களும் 27,600 ராண்டும்

2024ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த பட்டமளிப்பு விழாவில் என் பெயரைக் கூப்பிட்டபோது எனக்கு வயது 33. இராணுவத்தில் வேலை பார்த்துக்கொண்டே வாங்கியது வணிகவியல் இளங்கலை. முழுநேரமாகப் படிக்கும் பிள்ளைகள் மூன்று வருடத்தில் முடித்துவிட்டுப் போகும் படிப்பு அது. நான் படிப்புக்கென்று முதல் தவணை கட்டியது 2013இல். இடையில் ஓடிய 11 வருடங்களில் குறைந்தது மூன்றரை வருடம் வீணாகவே போனது. தவறான இடத்தில் பணம் கட்டியதில் கொஞ்சம், ஒரு தேதியைத் தவறவிட்டதில் கொஞ்சம், கேட்டு வாங்கியிருக்க வேண்டிய ஒரு கடிதத்தை வாங்காமல் விட்டதில் கொஞ்சம். பணமாகப் போனது 27,600 ராண்டு. பாடங்கள் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தன. ஆனால் என்னைப் பின்னால் இழுத்தவை அந்தத் தேதிகளும் தாள்களும்தான். முன்கூட்டியே இதைச் சொல்ல எனக்கு யாரும் இருக்கவில்லை. டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், டோங்காட் பக்கமிருந்து படையில் சேரும் நம் பிள்ளைகளுக்கும், அவர்களை அனுப்பிவிட்டுக் கவலைப்படும் அப்பா அம்மாவுக்கும் இது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பட்டம் என்ற சொல்லுக்கு ஒரு பழைய காயம் உண்டு. நிறவெறி ஆட்சிக் காலத்தில், 1961இல், இந்தியர்களுக்கென்று தனியாக ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியைத் திறந்தார்கள். அது டர்பன் துறைமுகத்தில் உள்ள சாலிஸ்பரி தீவில், கடற்படை விட்டுப்போன பழைய குடியிருப்புகளில் நடந்தது. பிள்ளைகள் படகில் ஏறித்தான் வகுப்புக்குப் போக வேண்டும். என் பெரியப்பா அப்படிப் படகில் போய் வந்தவர். இரண்டாம் வருடத்தில் தாத்தாவுக்கு வேலை போனது, பெரியப்பா படிப்பை விட்டுவிட்டு ஒரு துணித் தொழிற்சாலையில் கணக்கெழுதப் போனார். அந்தக் கல்லூரிதான் பிறகு வெஸ்ட்வில்லுக்கு மாறி, இன்று குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியாக இருக்கிறது. வீட்டில் யார் மெட்ரிக், அதாவது பள்ளியின் கடைசி வருடத் தேர்வு, முடித்தாலும் பெரியப்பா கேட்கும் முதல் கேள்வி, "அடுத்து எந்த யுனிவர்சிட்டி?" என்பதுதான்.

நான் மெட்ரிக் எழுதியது 2008இல், புதிய சான்றிதழ் முறை வந்த முதல் வருடம். எனக்குக் கிடைத்தது டிப்ளமா பாஸ். இது பல பெற்றோருக்கு இன்னும் புரிவதில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். மெட்ரிக் பாஸ் என்றாலே பட்டப்படிப்பில் சேரலாம் என்று அர்த்தம் இல்லை. பேச்சலர் பாஸ் இருந்தால் பட்டப்படிப்புக்கு நேராக விண்ணப்பிக்கலாம். டிப்ளமா பாஸோ உயர் சான்றிதழ் பாஸோ என்றால் கீழேயிருந்து படி ஏறித்தான் வர வேண்டும். எனக்கு அது அப்போது தெரியாது. வீட்டில் பணமும் இல்லை. ஒரு வருடம் கடை கடையாக வேலை பார்த்துவிட்டு, 2010இல் இரண்டு வருட இராணுவப் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தேன். அது முடிந்ததும் ஒப்பந்தம் நீண்டது, பண்டகசாலைப் பிரிவில் வைத்தார்கள். சீருடை, காலணி, ரேஷன் பேக், டயர் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு. பெரியப்பா மாதிரியே நானும் கணக்கெழுதத் தொடங்கினேன்.

2013இல் ஒரு தனியார் கல்லூரியின் விளம்பரம் கண்ணில் பட்டது. மெட்ரிக் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, வீட்டிலிருந்தபடியே வணிக நிர்வாகத்தில் பட்டம், சீருடைப் பணியாளர்களுக்குச் சலுகை. பெயரைச் சொல்லப் போவதில்லை, அது இப்போது இல்லவும் இல்லை. முன்பணம் 4,500 ராண்டு, அப்புறம் 12 மாதம் மாதா மாதம் 1,000. மொத்தம் 16,500. அன்றைய என் சம்பளத்தில் மாதம் ஆயிரம் என்பது அம்மாவுக்கு அனுப்பும் பணத்தில் பாதி. புத்தகங்கள் வந்தன, அசைன்மென்ட்டுகளுக்கு மதிப்பெண்ணும் வந்தது. எல்லாவற்றிலும் 80, 85. நான் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை என்பது எனக்கே தெரியும், அப்போதும் சந்தேகம் வரவில்லை. 2014 கடைசியில் யூனிட்டின் கல்வி, பயிற்சி அதிகாரியிடம் அந்தத் தாள்களைக் காட்டி, இதைப் பதவி உயர்வுக் கோப்பில் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். அவர் கணினியில் தேடிப் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். அந்தப் படிப்புக்குப் பதிவே இல்லை. இரவில் கண் விழித்துப் படித்ததெல்லாம் ஒரு தாளுக்குக்கூட மதிப்பில்லாமல் போனது. அன்று இரவு எனக்கு வந்தது கோபம் இல்லை, அவமானம்தான். ஆறு மாதம் அம்மாவிடம் சொல்லவில்லை.

பணம் கட்டும் முன் செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. அந்தப் படிப்பு தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையத்தின் பட்டியலில் இருக்க வேண்டும், அதற்கென்று ஒரு அடையாள எண்ணும் இருக்கும். கல்லூரி தனியார் என்றால் உயர்கல்வித் துறையின் தனியார் நிறுவனப் பதிவேட்டிலும் அதன் பெயர் இருக்க வேண்டும். இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கல்லூரியே அனுப்பும் சான்றிதழ் நகலை நம்பாதீர்கள், பதிவேட்டில் நீங்களே தேடுங்கள். கல்லூரிக்குப் பதிவு இருந்து, நீங்கள் சேரும் குறிப்பிட்ட படிப்புக்கு இல்லாமலும் இருக்கலாம். அதனால் இரண்டும் வேண்டும். பட்டம் என்று சொல்கிறார்களா, நிலை எண்ணைக் கேளுங்கள்: உயர் சான்றிதழுக்கு 5, டிப்ளமாவுக்கு 6, இளங்கலைக்கு 7. அந்த எண்ணைத் தெளிவாகச் சொல்லாத இடத்தில் ஒரு ராண்டும் கட்டாதீர்கள்.

2015இல் யுனிசாவில், அதாவது தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தில், உயர் சான்றிதழ் படிப்பில் சேர்ந்தேன். 1873இல் தொடங்கிய பல்கலைக்கழகம், 1946இல் தபால் வழியே சொல்லிக் கொடுக்கத் தொடங்கியது. ரோபன் தீவுச் சிறையில் அடைபட்டவர்கள் பலர் இதன் வழியாகப் படித்தார்கள். மண்டேலாவின் சட்டப் பட்டம்கூட 1989இல் சிறையில் இருக்கும்போதே இங்கிருந்து வந்ததுதான். இடம் சரி. ஆனால் அங்கேயும் நான் கணக்குப் போடாமல் நுழைந்தேன். இழந்த இரண்டு வருடத்தைப் பிடித்துவிட வேண்டும் என்ற ஆத்திரத்தில் முதல் செமஸ்டரிலேயே ஐந்து பாடம் எடுத்தேன். தேறியது இரண்டு.

அந்தக் கணக்கு இதுதான். ஒரு கிரெடிட் என்றால் பத்து மணி நேர உழைப்பு. ஒரு பாடத்துக்கு 12 கிரெடிட், ஆக 120 மணி நேரம். செமஸ்டரில் படிக்கக் கிடைப்பது 15 வாரம் என்று வைத்துக்கொண்டால், ஒரு பாடத்துக்கு வாரம் எட்டு மணி. ஐந்து பாடம் என்றால் வாரம் 40 மணி, அதுவே ஒரு முழு வேலை. காவல் டியூட்டி, களப்பயிற்சி, திடீர் அழைப்பு எல்லாம் போக ஒரு சிப்பாய்க்கு உருப்படியாக மிஞ்சுவது வாரம் 16, மிஞ்சிப்போனால் 20 மணி. ஆகவே இரண்டு பாடம். அமைதியான முகாமில் இருந்தால் மூன்று. இளங்கலைக்கு மொத்தம் 360 கிரெடிட், 30 பாடம். செமஸ்டருக்கு இரண்டரை என்று போனால் ஆறு வருடம். ஆறு வருடமா என்று மலைக்காதீர்கள். நானும் மலைத்துத்தான் ஐந்து எடுத்தேன்.

எங்கள் இராணுவத்தில் சிப்பாய்கள் தூங்கும் கொட்டடியை பங்களோ என்பார்கள். தமிழில் பங்களா என்றால் மனதில் வருவது வேறு. இங்கே அது நீளமான ஒரு கூடம், இரண்டு வரிசைக் கட்டில், ஒவ்வொருவருக்கும் ஓர் இரும்பு அலமாரி. இரவு விளக்கணைத்த பிறகு படிக்க இடம் குளியலறைதான். தரையில் ஈரம், ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவேன். காவல் டியூட்டியில் இரண்டு மணி நேரம் நிற்பது, நான்கு மணி நேரம் ஓய்வு என்று சுற்று வரும். நிற்கும் நேரத்தில் புத்தகத்தைத் தொடக்கூடாது. அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை, கையில் துப்பாக்கி இருக்கும்போது கவனம் வேறு எங்கும் போகக்கூடாது. ஆனால் அந்த நான்கு மணி நேரத்தில் ஒரு மணியை எடுத்துக்கொள்ளலாம். தடிப் புத்தகம் தூக்கத்தைத்தான் கொண்டு வரும். நான் சட்டைப் பையில் அடங்கும் அட்டைகளில் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில் எழுதி வைத்துக்கொண்டேன். பாடக் குறிப்புகளை என் குரலிலேயே கைப்பேசியில் பதிந்து, பண்டகசாலையில் சரக்கை எண்ணி முடித்துத் திரும்பும் வழியில் கேட்பேன். புள்ளியியல் பாடத்துக்கு இது உதவவில்லை, அதை உட்கார்ந்து போட்டுத்தான் ஆக வேண்டும். கணக்குப் பதிவியலுக்கும் சட்டத்துக்கும் நன்றாக உதவியது.

படைப்பிரிவில் படிப்புக்கு உதவி கிடைக்கும், படிப்பு விடுப்பும் உண்டு. ஆனால் இரண்டும் தானாக வராது. விண்ணப்பத்துக்கு ஒரு கெடு தேதி இருக்கும், அது நிதியாண்டை ஒட்டிப் பல மாதங்கள் முன்னதாகவே வந்துவிடும். நீங்கள் படிக்கும் படிப்பு உங்கள் பணிக்கு எப்படிப் பொருந்துகிறது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். அரசுப் பணத்தில் படித்தால் பெரும்பாலும் அதற்கு ஈடாக இத்தனை வருடம் பணியில் இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தமும் கூடவே வரும். அதைக் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நான் முதல் நான்கு வருடம் கேட்கவே இல்லை. கேட்டால் வேலையில் கவனம் இல்லாதவன் என்று நினைப்பார்களோ என்ற பயம். 2019இல் ஒழுங்காக எழுதிக் கேட்டபோது அடுத்த வருடக் கட்டணத்தில் ஒரு பகுதி கிடைத்தது. முன்பே கேட்டிருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று இன்றும் வயிறு எரிகிறது.

இப்போது காங்கோ. 2018 ஜூலையில் இரண்டாம் செமஸ்டருக்கு நான்கு பாடம் பதிவு செய்தேன். அதற்குள் உயர் சான்றிதழ் முடிந்து, பட்டப்படிப்பில் ஒன்பது பாடம் தேறியிருந்தேன், தைரியம் வந்திருந்தது. பாடத்துக்கு 1,600 என்று 6,400 ராண்டு, புத்தகங்களுக்கு 2,800. ஆகஸ்டில் உத்தரவு வந்தது: கிழக்குக் காங்கோவில் ஐ.நா. அமைதிப் படைக்குப் போகும் பட்டாலியனில் என் பெயர். 2013 முதல் அங்கே தலையீட்டுப் படையில் தென்னாப்பிரிக்கா, தான்சானியா, மலாவி மூன்று நாட்டு வீரர்களும் இருந்தார்கள். பெயர் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான், வெளிநாட்டுப் படி கிடைக்கும், அதில் அடுத்த இரண்டு வருடக் கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். புளூம்ஃபொன்டைன் பக்கத்தில் திரட்டல் முகாமில் பயிற்சி, மருத்துவப் பரிசோதனை, தடுப்பூசிகள். அந்த ஓட்டத்தில் ஒருநாள் எங்கள் லெப்டினன்ட்டிடம், "சார், அக்டோபரில் எனக்குத் தேர்வு இருக்கிறது" என்று சொன்னேன். "பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அவர் நல்ல மனிதர், எனக்கு ஞாபகப்படுத்த வேண்டியது அவர் வேலையும் இல்லை. நான்தான் அந்த ஒரு சொல்லை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சில வாரங்களில் என்னால் மூன்று காரியம் செய்திருக்க முடியும். பாடங்களை ரத்து செய்யும் கடைசித் தேதி தாண்டும் முன் ரத்து செய்திருக்கலாம். அல்லது, பணிக்கு அனுப்பப்படுகிறேன் என்று யூனிட்டிலிருந்து ஒரு கடிதம் வாங்கித் தேர்வைத் தள்ளிவைக்க எழுதியிருக்கலாம். குறைந்தபட்சம் மாணவர் கணக்கில் போய்த் தேதிகளையாவது பார்த்திருக்கலாம். ஒன்றும் செய்யாமல், மூன்று பாடப் புத்தகத்தைக் கிட் பையின் அடியில் திணித்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

கிழக்குக் காங்கோவில் நாங்கள் போய் இறங்கிய கோமா அழகான ஊர். ஒரு பக்கம் கிவு ஏரி, இன்னொரு பக்கம் நியிராகோங்கோ எரிமலை. இரவில் அதன் வாயில் எரியும் குழம்பின் சிவப்பு மேகத்தில் தெரியும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வடக்குக் கிவு மாகாணத்தில் எபோலா அறிவித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. யாருடனும் கை குலுக்கக்கூடாது, எங்கே நுழைந்தாலும் குளோரின் தண்ணீரில் கை கழுவ வேண்டும், வாசலில் காய்ச்சல் பார்ப்பார்கள். அது புரட்டாசி மாதம். வீட்டில் அம்மா சைவம், நானும் விட மனமில்லாமல் ரேஷன் பேக்கில் பீன்ஸும் பிஸ்கட்டுமாக ஓட்டினேன். முதல் மூன்று வாரம் புத்தகத்தைத் திறக்கவே முடியவில்லை. நேரம் இல்லை என்று சொன்னால் பொய், நேரம் இருந்தது. மனதுதான் இறங்கவில்லை. புதிய இடத்தில் ஒவ்வொரு சத்தத்துக்கும் உடம்பு விழித்துக்கொள்ளும், அந்த நிலையில் தேய்மானக் கணக்கு தலையில் ஏறாது. புத்தகம் கொண்டுபோனால் படித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: போன முதல் மாதத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

கோமாவிலும் டர்பனிலும் கடிகாரம் ஒரே நேரத்தைத்தான் காட்டும். அது என்னை மிகவும் வதைத்தது. அக்டோபர் கடைசியில் ஒரு காலை, என் முதல் தேர்வு டர்பன் மையத்தில் தொடங்கும் அதே நேரத்தில் நான் ஒரு லாரியிலிருந்து தண்ணீர்ப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன். மணி பார்த்தேன். இப்போது தாள் கொடுத்திருப்பார்கள் என்று தோன்றியது. அப்போதுதான் முதல் தடவையாக எனக்குப் புரிந்தது, யாரும் எதையும் பார்த்துக்கொள்ளவில்லை, பார்த்துக்கொள்ள வேண்டியவன் நான் ஒருவன்தான். நான்கு தேர்வுக்கும் வராதவன் என்று பதிவானது. 9,200 ராண்டு. திரும்பி வந்து காரணம் சொல்லி எழுதியபோது, அதற்கான காலம் கடந்துவிட்டது என்று பதில் வந்தது. விதி அப்படி, அதில் தப்பில்லை.

இதைப் படிக்கும் யாருக்காவது உத்தரவு வந்திருந்தால், அன்றைக்கே யூனிட் அலுவலகத்தில் ஒரு கடிதம் கேளுங்கள். அதில் உங்கள் பெயர், படை எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை பணியில் இருப்பீர்கள் என்பது மட்டும் போதும். எங்கே போகிறீர்கள், எந்தப் பிரிவு, என்ன பணி என்பதெல்லாம் வேண்டாம். உத்தரவின் நகலையே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிடாதீர்கள், அது வெளியே போகக்கூடாத தாள். கடிதத்தைப் படமெடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே ஒன்று அனுப்பி வையுங்கள். எழுத்தர் மாறலாம், அதிகாரி மாற்றலாகலாம், கோப்பு எங்கோ போகலாம். மின்னஞ்சல் இருக்கும். பிறகு அந்த செமஸ்டரை மனசாட்சியோடு விட்டுவிடுங்கள். விட்ட செமஸ்டருக்கு ஆறு மாதம்தான் நஷ்டம். விடாமல் பிடித்துக்கொண்டு தோற்றால் ஆறு மாதத்தோடு பணமும் போகும், மதிப்பெண் பட்டியலில் நான்கு வராதவன் குறியும் நிற்கும்.

2019 நடுவில் ஊர் திரும்பியதும் படிப்பை விட்டுவிடத்தான் இருந்தேன். என்னைப் பிடித்து நிறுத்தியவர் எங்கள் பண்டகசாலையில் இருந்த, கோசா மொழி பேசும் ஒரு சார்ஜன்ட். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், அவரும் அதே பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகம் படித்துக்கொண்டிருந்தார். பட்டியலைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஒன்பது தேறியிருக்கிறாய் தம்பி. இந்த ஒன்பதை யாரும் உன்னிடமிருந்து எடுக்க முடியாது. இன்னும் 21." அவர் தம்பி என்று சொல்லவில்லை, புட்டி என்றார். அவர்கள் மொழியில் அதற்கு ஏறக்குறைய அதே பாசம். அவரிடமிருந்து கற்றதுதான் அட்டவணைப் பழக்கம்: பதிவுத் தேதி, ரத்துத் தேதி, அசைன்மென்ட் தேதி, தேர்வுத் தேதி நான்கையும் யூனிட்டின் பயிற்சி அட்டவணைக்குப் பக்கத்தில் ஒரே தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுவது. இரண்டும் மோதும் இடம் மூன்று மாதம் முன்பே தெரியும். தெரிந்த அன்றே எழுதிக் கேட்பது. முடிந்தால் உங்கள் யூனிட்டில் படிக்கும் இன்னொருவரைக் கண்டுபிடியுங்கள், பாடம் வேறாக இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்த மூன்று வருடமும் வேலை வந்துகொண்டே இருந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு, சாலைச் சோதனைகள். 2021 ஜூலைக் கலவரத்தில் நான் வளர்ந்த மாகாணத்திலேயே ஆயுதத்தோடு நின்றேன். அந்த நாட்களைப் பற்றி இங்கே எழுத விருப்பமில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், டோங்காட்டில் என் பெரியம்மா வீட்டில் குழாயில் தண்ணீர் வர மாதக்கணக்கில் ஆனது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஓர் அசைன்மென்ட் தேதி நடுவில் வந்தது. ஆனால் இரண்டே பாடம் எடுத்திருந்ததாலும், கடிதங்கள் கையில் இருந்ததாலும் தாக்குப்பிடித்தேன். அசைன்மென்ட்டைக் கெடுவுக்குப் பத்து நாள் முன்பே அனுப்பிவிடும் பழக்கமும் அப்போது வந்ததுதான்.

இணையவழித் தேர்வு பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2020 முதல் தேர்வுகள் இணையத்துக்கு மாறின. மையத்துக்குப் போக வேண்டாம், சிப்பாய்க்கு இது வரம் என்று நினைத்தேன். 2021 முதல் செமஸ்டரில், முகாமில் உட்கார்ந்து நிதிக் கணக்கியல் தேர்வு எழுதினேன். எழுதி முடித்துப் படமெடுத்துக் கோப்பாக்கி ஏற்றும்போது மின்சாரம் போனது. கைப்பேசி இணையத்தில் அவசரமாக ஏற்றியதில், விடைத்தாளுக்குப் பதில் கேள்வித்தாளின் கோப்பையே ஏற்றிவிட்டேன். நேரம் முடிந்துவிட்டது. மதிப்பெண் பூஜ்யம், மறுபடி பதிவு செய்ய 1,900 ராண்டு. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது மாணவர் எண், பாடக் குறியீடு, விடை என்ற சொல் மூன்றையும் சேர்த்து வையுங்கள். கேள்வித்தாளை வேறு கோப்புறையில் போடுங்கள். நேரம் முடிய அரை மணிக்கு முன்பே எழுதுவதை நிறுத்தி ஏற்றுங்கள், ஏற்றியதைத் திறந்து பாருங்கள், திரையைப் படமெடுத்து வையுங்கள்.

அதற்குப் பிறகு தேர்வைக் கண்காணிக்கும் கைப்பேசிச் செயலி வந்தது. அது நாம் எழுதும்போது முகத்தைப் படமெடுக்கும், சுற்றியுள்ள சத்தத்தைப் பதியும். முகாமுக்குள் இதைப் பயன்படுத்தவே கூடாது. ஒன்று, படத்தின் பின்னணியில் வரக்கூடாதது வந்தால் பிரச்சினை உங்களுக்குத்தான். இரண்டு, பங்களோவில் யாராவது சத்தமாகப் பேசினால் அது முறைகேடு போலப் பதிவாகலாம். தேர்வு நாளுக்கு விடுப்பு எடுத்து வீட்டிலோ, நூலகத்தின் தனி அறையிலோ எழுதுங்கள். விடுப்பு விண்ணப்பத்தோடு தேர்வு அட்டவணையின் நகலை இணைத்தால் கையெழுத்து சீக்கிரம் விழும். நான் அம்மா வீட்டுப் பின்னறையில்தான் எழுதினேன். அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் போய், "இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் யாரும் ரேடியோ போடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்திருப்பார்.

இளம் பிள்ளைகளுக்கு இன்னொன்று. மெட்ரிக்கில் நல்ல மதிப்பெண் எடுத்து, அதிகாரியாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், நான் போன வழியில் வராதீர்கள். 1950இல் தொடங்கி, இப்போது சல்டான்யாவில் இருக்கும் இராணுவக் கல்விக்கழகத்தின் வழியாக ஸ்டெலன்பாஷ் பல்கலைக்கழகத்தின் இராணுவ அறிவியல் பட்டம் படிக்கலாம். அங்கே படிப்பதே பணி. விண்ணப்பிக்கும்போதே அதைப் பற்றிக் கேளுங்கள், உள்ளே வந்த பிறகு அந்தப் பக்கம் திரும்புவது கடினம்.

பட்டம் வந்த மறுநாள் பதவி உயர்வு வந்துவிடவில்லை. கோப்பில் ஒரு தாள் சேர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் ஒப்பந்தம் முடியும் தேதியை நினைத்தால் இப்போது தூக்கம் கெடுவதில்லை. சரக்குக் கணக்கை நான் போடும் விதமும் மாறியிருக்கிறது, எதை ஏன் செய்கிறோம் என்று தெரிந்து செய்கிறேன்.

விழாவுக்கு அம்மாவோடு பெரியப்பாவும் வந்திருந்தார். 82 வயது, கைத்தடி. சீருடைக்கு மேல் அங்கியைப் போட்டுக்கொண்டு நான் மேடையிலிருந்து இறங்கி வந்ததும் அந்தச் சுருளை வாங்கி, பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். திரும்பும் வழியில் கார் துறைமுகத்தை ஒட்டி வந்தது. ஜன்னல் பக்கம் கையை நீட்டி, "அந்தத் தீவில இப்போ யாருடா இருக்காங்க?" என்று கேட்டார். "திரும்பவும் கடற்படைதான் பெரியப்பா" என்றேன். "உன்னால உள்ளே கூட்டிப் போக முடியுமா? அந்த வகுப்பு ரூம் இன்னும் இருக்கான்னு பார்க்கணும்." முடியும் என்று சொல்லியிருக்கிறேன். அனுமதிக் கடிதத்துக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, நகல் மின்னஞ்சலில் இருக்கிறது.